மார்கழியில் போட்ட பிளாஸ்டிக் வேலி

பாலம் கட்டியவர்களும் ஏரி மதகு கட்டியவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டுப் போயிருப்பார்கள். நான் வேலி போட்டவன். எங்கள் துறையில் புதிதாகச் சேரும் ஓவர்சியருக்கு முதலில் வேலியைத்தான் கொடுப்பார்கள். பாலம் விழுந்தால் பேப்பரில் வரும். வேலி விழுந்தால் ஆடு வரும், அதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்று ஒரு தைரியம். ஓய்வு பெற்று உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். என்னை அதிகம் அவமானப்படுத்திய வேலையும் அந்த வேலிதான், எனக்கு ஓரளவாவது புத்தி வந்த இடமும் அதுதான்.

துறையின் பெயர் வேண்டாம், ஊரின் பெயரும் வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணியில் போய்விடலாம். பெரிய ஏரி ஒன்றின் கீழ்ப்புறம் அந்தக் கிராமம். எண்பதுகளின் நடுவில் அங்கே அரசு நாற்றுப் பண்ணை ஒன்று ஆரம்பித்தார்கள். மாங்கன்றும் தென்னங்கன்றும் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பது திட்டம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் கிடந்த புறம்போக்கு நிலம்தான் பண்ணை. அதன் நடுவில் ஒரு பழைய கிணறு. காலனிக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் எடுத்தது அந்தக் கிணற்றில்தான். ஊருக்குள் இருந்த கிணறுகளில் அவர்கள் ஏன் எடுக்கவில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கதை இருக்கும்.

பண்ணைக்கு வேலி வேண்டும். எங்கள் உதவிப் பொறியாளரிடம் ஒரு வெளிநாட்டுக் காலண்டர் இருந்தது. வருஷம் முடிந்தும் அதைச் சுவரிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார். அதில் ஒரு பச்சைப் புல்வெளி, வெள்ளை வெளேரென்று ஒரு வேலி, வேலிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு ஒரு குதிரை. எங்கள் பண்ணைக்கும் அப்படித்தான் வேலி வர வேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டார். காலண்டரில் குதிரை இருந்தது, எங்கள் ஊரில் வெள்ளாடு இருந்தது. அந்த வித்தியாசத்தை எஸ்டிமேட்டில் காட்டுவதற்கு இடம் இல்லை.

அவர் தீர்மானித்த வாரத்திலேயே மெட்ராஸிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்துவிட்டார். எப்படி மூக்கில் வேர்த்தது என்று தெரியவில்லை. டை கட்டியிருந்தார். கையில் ஓரடி நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று. அதை மேஜையில் ஓங்கி அடித்துக் காட்டினார். பிறகு உதவிப் பொறியாளரிடமே கொடுத்து அடிக்கச் சொன்னார். அவரும் பேப்பர் வெயிட்டால் இரண்டு அடி அடித்தார். சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. துருப் பிடிக்காது, கரையான் அரிக்காது, வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்றார் விற்பனையாளர். அவர் சொன்ன ஒன்றுகூடப் பொய் இல்லை. நாங்கள் கேட்காத எதையும் அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். கையேட்டில் 'உறைபனியிலும் விரிசல் விடாது' என்று ஒரு வரி இருந்தது. உதவிப் பொறியாளர் அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். செங்கல்பட்டு மாவட்டம் அதுவரை உறைபனியால் பட்ட கஷ்டமெல்லாம் அன்றோடு தீர்ந்தது போல இருந்தது அவர் முகம்.

இனி என் பங்கு. பரிந்துரைப் படிவத்தில் 'உள்ளூர் நிலைமைக்கு ஏற்றதா?' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவன் ஓவர்சியர். அதாவது நான். அன்றைக்கு நான் அந்த இடத்துக்குப் போய்க் காலை வைத்துப் பார்த்ததுகூட இல்லை. விசிறிக்கு அடியில் உட்கார்ந்து 'ஏற்றது' என்று எழுதினேன். டிப்ளமா படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, தகுதிகாண் பருவம் முடியவில்லை. மேலதிகாரி ஆசைப்பட்டதை ஏற்றதல்ல என்று எழுதுகிற கை அந்த வயதில் எனக்கு இல்லை. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. வேலி பின்னால் செய்த கூத்துக்கெல்லாம் வித்து அந்த நான்கெழுத்துதான்.

மார்கழியில் வேலையை ஆரம்பித்தோம். குழி வெட்டக் காலனியிலிருந்து எட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், ஆனாலும் நான் 'வா, போ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'சார்' என்றார். அப்போது அது எனக்கு இயல்பாகவே பட்டது.

முதல் குழி ஒன்றரை அடி போனதும் நிறுத்தச் சொன்னேன். வரைபடத்தில் ஒன்றரை அடிதான். கன்னியம்மா கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

"சார், இது பத்தாது. ஏரி மண்ணு இது. மழைக்கு உப்பும், கோடையில வாயத் தொறந்துக்கும். இன்னும் ரெண்டு அடி வெட்டி, ஜல்லி போட்டு இடிச்சாத்தான் கம்பம் நிக்கும்."

வரைபடத்தைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே அதைக் காட்டுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவர் இன்னொன்றும் கேட்டார். பண்ணைக்கு ஒரே வாசல், ரோட்டுப் பக்கம். காலனி இருப்பது பின்பக்கம். அந்தப் பக்கமும் வேலி அடைத்துவிட்டால் கிணற்றுக்கு வர மொத்தப் பண்ணையையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நிறைகுடத்தோடு திரும்பவும் அதே சுற்று. பின்பக்கம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விடச் சொன்னார். "பிளான்ல இன்னா கீதோ அதான் செய்ய முடியும்" என்றேன். அவர் அடுத்த குழிக்குப் போய்விட்டார். பிளானில் வழி இல்லாததற்குக் காரணம், பிளான் போட்டவர் அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்ததில்லை என்பதுதான். அவரோடு நானும் சேர்த்தி.

கம்பங்களை நட்டோம். கம்பத்தின் பக்கவாட்டில் துளை இருக்கும். அதில் சட்டத்தின் முனையைச் செருக வேண்டும். மேற்பார்வைக்கு வந்திருந்த விற்பனையாளர், சந்தே தெரியாமல் முட்ட முட்ட அடித்துச் செருகினால்தான் பார்க்க அழகு என்றார். காலை நேரம், பனி இறங்கி விரலெல்லாம் விறைத்துக் கிடந்தது. மரச்சுத்தியால் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டித் தட்டி இறுக்கினோம். பொங்கலுக்கு முன்பே வேலை முடிந்தது. நேராக, வெள்ளையாக, வகிடு எடுத்தது போல நின்றது. உதவிப் பொறியாளர் அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். குதிரை ஒன்றுதான் பாக்கி.

மாசி வரை வேலி தன் கடமையைச் செய்தது. பங்குனியில் காவல்காரர் சைக்கிளில் ஆபீசுக்கு வந்து, வேலி வளைகிறது என்று சொன்னார். யாரோ மேலே உட்காருகிறார்கள் என்று உதவிப் பொறியாளர் முடிவு செய்தார். 'காலனிப் பெண்கள் வேலியின் மீது சாய்வதைத் தடுக்கவும்' என்று காவல்காரருக்கு எழுத்து மூலமாக உத்தரவு போனது. உத்தரவு போன பிறகும் வேலி வளைந்தது. சித்திரை பிறந்ததும் என்னை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

நல்ல உச்சி வேளையில் போய் நின்றேன். சுற்று வட்டாரத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. வேலி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. டக், டக் என்று ஒவ்வொரு சட்டமாகச் சத்தம். ஒன்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு ரோட்டைப் பார்த்து வளைந்திருந்தது, அடுத்தது பண்ணைக்குள் வளைந்திருந்தது. வேலியின் மேல் வெயிலைத் தவிர வேறு யாரும் சாய்ந்திருக்கவில்லை. கீழே பார்த்தால் மண் பாளம் பாளமாக வெடித்து, கம்பத்தைச் சுற்றி என் செருப்பு முனை நுழைகிற அளவுக்குப் பிளவு. சூட்டில் சட்டம் நீளுகிறது. நீள இடம் இல்லாமல் வளைகிறது, கம்பத்தையும் தள்ளுகிறது. கம்பத்தைப் பிடித்துக்கொள்ள மண் இல்லாததால் அதுவும் சாய்ந்து கொடுக்கிறது. விடியற்காலையில் குளிர்ந்ததும் சட்டம் பழையபடி சுருங்கிவிடும், ஆனால் கம்பம் தள்ளிப்போனது தள்ளிப்போனதுதான். முனை துளையிலிருந்து கழன்று தொப்பென்று கீழே விழும். வெயில் ஏறியதும் காவல்காரர் எடுத்துச் செருகி வைப்பார்.

ஆகவே எங்கள் வேலி நண்பகலில் மூடியிருந்தது, விடியலில் திறந்திருந்தது. இந்த நேரக் கணக்கை எங்களுக்கு முன்பே ஊர் ஆடுகள் தெரிந்துகொண்டுவிட்டன. சூரியன் ஏறுவதற்குள் வந்து தென்னங்கன்றின் குருத்தை நாஷ்டா பண்ணிவிட்டுப் போய்விடும். காலனிப் பெண்களும் அந்த நேரத்தில்தான் சுற்றாமல் குறுக்கே வந்து தண்ணீர் எடுத்தார்கள். கன்னியம்மாவைக் கிணற்றடியில் பார்த்தபோது, எப்படி வந்தாய் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"காலையில வேலி எங்குளுது சார். மத்தியானம் சர்க்காருது."

இந்த நிலைமையில் மெட்ராஸிலிருந்து தகவல் வந்தது. துறையின் பெரிய அதிகாரி வந்து பண்ணையைத் திறந்து வைக்கப் போகிறார். நாள் அக்னி நட்சத்திரத்துக்குள். நேரம் பகல் பன்னிரண்டு.

உதவிப் பொறியாளர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அவருக்கு ஞானம் பிறந்தது. பண்ணையைப் பார்க்க வந்த இடத்தில் காவல்காரர் கன்றுக்கு ஊற்றிய தண்ணீர் ஒரு சட்டத்தின் மேல் தெறித்தது. சற்று நேரத்தில் அந்தச் சட்டம் வளைவு குறைந்து நேரானது. இவர் இன்னொரு குடம் வாங்கி ஊற்றிப் பார்த்தார், அதுவும் நேரானது. ஒரு தடவை ஊற்றினால் கால் மணி நேரம் தாங்கும் என்று கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டார். பெரிய அதிகாரி வரும் நாளில் பத்து மணியிலிருந்து எட்டுப் பெண்களும் கிணற்றிலிருந்து இறைத்து வேலிக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கார் சத்தம் கேட்டதும் குடத்தோடு மறைந்துவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். முந்தின நாள் ஒத்திகையும் வைக்கச் சொன்னார்.

ஒத்திகை வைத்தேன். சொன்னதைச் செய்தேன். இரண்டு மணி நேரம் ரோட்டுப் பக்க வேலிக்கு மட்டும் ஊற்றியதில் வேலி நேராகத்தான் நின்றது. நான் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. கோடையில் அந்தக் கிணற்றில் ஒரு குடம் எடுத்தால் அடுத்த குடத்துக்கு ஊற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதுவரை அவசியம் ஏற்பட்டதில்லை.

வெயில் சாய்ந்ததும் காலனியிலிருந்து குடங்களோடு வந்தார்கள். முதலில் வந்த பெண் கயிற்றை விட்டாள். குடம் தரையில் மோதுகிற சத்தம் மேலே கேட்டது. இழுத்தபோது சேறு வந்தது. அவள் அதைக் கீழே கொட்டவில்லை. முந்தானையை இன்னொரு குடத்தின் வாயில் கட்டி அந்தச் சேற்றை வடிகட்ட ஆரம்பித்தாள். மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

கன்னியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "வேலிக்கு தாகம் எடுக்கறத இன்னிக்கித்தான் சார் பாக்கறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் ஊத்தணுமா?" என்று கேட்டார்.

அவருடைய தம்பி அன்று விடுப்பில் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். வாலாஜாபாத் பக்கம் ரயில் பாதையில் கேங்மேன். அவருடைய பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் அன்றைய லட்சணம் அது. வேலைக்கு வேண்டிய பெரிய பாடத்தைச் சொன்னவர், இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாதவர். அவர் வேலியோரமாக நடந்து வந்து, கம்பமும் சட்டமும் சேரும் இடத்தில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நகம் நுழையவில்லை.

"யாரு சார் இத்த இப்டி முட்டவுட்டு அடிச்சது?"

நான்தான் என்றேன். மார்கழிப் பனியில் அடித்தோம் என்றும் சொன்னேன்.

"இரும்புத் தண்டவாளம், மேல ரயிலே ஓடுது. அதுக்கே சந்து வுட்டுத்தான் சார் போடுறோம். இல்லாங்காட்டி வெயில்ல பாம்பு மாதிரி நெளிஞ்சிக்கும். வெயிலுக்கு எடம் வுடணும் சார். நீங்க வுடல, அதான் அதுவே எடுத்துக்குது."

ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு விரல் அகலம் வெட்டிவிட்டால் போதும் என்றார். டிப்ளமாவில் வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவதைப் பற்றி முழுப் பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பக்கத்துக்கும் எதிரில் நின்ற வேலிக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு ஐந்து மாதமாகத் தோன்றவே இல்லை.

பொழுது இருக்கும்போதே உத்திரமேரூருக்குச் சைக்கிளை மிதித்தேன். உதவிப் பொறியாளர் வரவேற்பு வளைவுக்கு வாழை மரம் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டங்களை வெட்ட அனுமதி கேட்டேன். கிணறு வற்றியதையும் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. பிறகு சொன்னார்: "சட்டத்த வெட்டினா ஆடிட்டுல கேப்பான்யா. தண்ணி ஊத்தினா எவன் கேக்கப்போறான்?"

தம்பிகளே, தங்கைகளே, என் சர்வீஸில் இதைவிடத் தெளிவான நிர்வாக விளக்கத்தை நான் கேட்டதில்லை. காலனியில் யாருக்கும் ஆடிட் நடத்துகிற அதிகாரம் இல்லை. அவர் சொன்னது சரியான கணக்கு. அறைக்குத் திரும்பி வந்து படுத்தேன். வேலை போய்விட்டால் திருப்புட்குழியில் அப்பாவுக்கு முன்னால் போய் எப்படி நிற்பது என்று ஒரு பயம். நாளைக்கு அந்தப் பெண் மறுபடியும் முந்தானையில் சேற்றை வடிகட்டுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது என்று இன்னொரு பயம். நான் வீரன் இல்லை. இரண்டாவது பயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளிச்சம் வந்ததும் சைக்கிள் கடைக்காரரை எழுப்பி, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். உதவிப் பொறியாளர் பெரிய அதிகாரியை வரவேற்க வாலாஜாபாத் போயிருந்தார். கன்னியம்மாவும் மற்றவர்களும் தண்ணீர் ஊற்றத் தயாராகக் குடத்தோடு நின்றார்கள். குடத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். கேங்மேனும் இருந்தார், லீவு அன்று மாலை வரை. விடியலின் குளிரில் பாதிச் சட்டங்கள் தாமாகவே கழன்று கிடந்தன. மற்றவை கையால் இழுத்ததும் வந்துவிட்டன.

முதல் சட்டத்தை நான்தான் வெட்டினேன். மெமோ வந்தால் கூலிக்காரர்கள் வெட்டினார்கள் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அவசரத்தில் ஒரு விரலுக்குப் பதில் ஒரு சாண் போய்விட்டது. செருகிப் பார்த்தால் அந்தப்பக்கத் துளைக்கு எட்டவே இல்லை. அடுத்ததும் அப்படியே.

கேங்மேன் என் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டார். "அவசரப்படாத சார். வெயிலுக்கு வேண்டியது ஒரு வெரலு. மிச்சத்த கம்பத்துக்கு வுடு" என்றார். தன் ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு சட்டத்திலும் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே போனார். பெண்கள் பிடித்துக்கொள்ள, நானும் அவரும் மாற்றி மாற்றி அறுத்தோம். சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தி, மண் பிளவுகளில் கன்னியம்மா கல்லைப் போட்டுக் கடப்பாரையால் இடித்தார். பதினொரு மணிக்கு ரோட்டுப் பக்கம் முடிந்தது. ஆனால் இரண்டு சட்டம் குறைந்தது. நான் பாழாக்கிய இரண்டு.

எங்கிருந்து எடுப்பது என்று சுற்றிப் பார்த்தேன். கன்னியம்மா பின்பக்கம் கை காட்டினார்.

"அந்தாண்ட, எங்க தெருவுக்கு நேரா ரெண்டு கீது. எடுத்துக்கோ சார். யாரும் பாக்க மாட்டாங்க."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்த இரண்டையும் எடுத்து முன்னால் பூட்டினேன். பின்பக்கம், மார்கழியில் அவர் கேட்ட அதே இடத்தில், ஒரு ஆள் நுழைகிற வழி ஏற்பட்டது.

பன்னிரண்டு மணிக்கு முன்பே உதவிப் பொறியாளரின் ஜீப் வந்தது. வேலி நேராக நின்றது. எவ்வளவு தண்ணீர் ஆயிற்று என்று கேட்டார். ஒரு சொட்டும் ஆகவில்லை என்றேன். அவர் குனிந்து பார்த்தார். வேலியோரம் நெடுகிலும் அரிசி மாவு சிந்தியது போல வெள்ளைத் தூள். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லிக் காட்ட முடியாது. ஆனால் அந்த நேரத்தில் திட்டுவதற்கு அவகாசம் இல்லை. வாசலில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டியிருந்தது.

கார் வரும்போது மணி இரண்டு. அதுவரை நாங்கள் எல்லாரும் அந்த வெயிலில் நின்றோம், வேலியும் நின்றது. எங்களைவிட வேலி நன்றாகவே நின்றது என்று சொல்ல வேண்டும். கார் வாசலுக்கு எதிரில் நின்றது. பின் கதவின் கண்ணாடி பாதி இறங்கியது. பெரிய அதிகாரி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். வெயில் ரொம்ப ஜாஸ்தி, இறங்கவில்லை என்றார். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஒரு கிணற்றை முந்தின நாள் நான் வற்ற அடித்தேன்.

ரிப்பனை வெட்ட அங்கே வேறு யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அது அப்படியே விடப்பட்டது. காவல்காரர் பல நாள் அதற்கு அடியில் குனிந்துதான் உள்ளே போய் வந்தார்.

அந்த வாரமே மெமோ வந்தது. அரசு உடைமையைச் சேதப்படுத்தியதற்கும், பின்பக்கம் இரண்டு சட்டங்களை அகற்றியதற்கும் விளக்கம் கேட்டு. பதில் எழுதக் கோப்பை வாங்கிப் புரட்டினேன். நடுவில், முத்திரை குத்தி, பக்க எண் போட்டு, ஒழுங்காகத் தைத்து வைத்திருந்தார்கள் ஒரு தாளை. வேலியோடு கூடவே வந்த பொருத்தும் முறை. இங்கிலீஷில், பொடி எழுத்தில், சட்டத்தின் இரு முனைகளிலும் வெப்பத்துக்கு இடைவெளி விட வேண்டும் என்று எவ்வளவு என்பதோடு போட்டிருந்தது. பத்திரமாக வைப்பதில் எங்கள் ஆபீசில் குறையே கிடையாது; படிப்பதுதான் யார் வேலை என்று ஒதுக்கப்படவில்லை. அது என் வேலை என்று இப்போது தெரிகிறது. அந்தத் தாளின் நகலை வைத்துப் பதில் அனுப்பினேன். பொருத்தும் முறையைப் படிக்காமல் பொருத்தியவன் நானே என்றும் எழுதினேன். இரண்டு சட்டங்களைப் பற்றி, அங்கே வழி தேவைப்பட்டது என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். மெமோவைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை, ரத்து செய்யவும் இல்லை. என் தகுதிகாண் பருவத்தை மட்டும் ஆறு மாதம் நீட்டினார்கள். காரணம் எழுதவில்லை.

வேலி அதற்குப் பிறகு இரண்டு கோடை தாங்கியது. மற்றப் பக்கங்களிலும் பிறகு சந்து விட்டதால் வளையவில்லை. ஆனால் வெயில் வேறு வழியில் வேலை செய்தது. வெள்ளை மஞ்சளாகி, தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டி, கடைசியில் அப்பளமாகிவிட்டது. ஒரு நாள் ஊர் மாடு ஒன்று முதுகு சொறியச் சாய்ந்தது. கம்பம் மடக்கென்று ஒடிந்ததில் மாடே பயந்து ஓடியது என்றார் காவல்காரர். பிளாஸ்டிக்கே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இன்று வெயில் தாங்குகிற மாதிரி செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். யாருடைய வெயிலைத் தாங்கும் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவிப் பொறியாளர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார், காலண்டரையும் எடுத்துக்கொண்டு. புதிதாக வந்தவர் என்ன வேலி போடலாம் என்று கேட்டார். கல் உடைக்கும் மலை எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்தது. ஊரில் எல்லா வயலுக்கும் கல் கம்பமும் முள்கம்பியும்தான். அதையே போடலாம் என்றேன். குழி மூன்றரை அடி, அடியில் ஜல்லி என்று எழுதினேன். யார் சொன்னது என்று கேட்டார். கன்னியம்மா என்றேன். எந்த ஆபீஸ் என்று கேட்டார்.

வரைபடம் போடுவதற்கு முன்னால் காலனிக்குக் கன்னியம்மாவைப் பார்க்கப் போனேன். "வாங்க" என்று கூப்பிட என் நாக்கு பழக வேண்டியிருந்தது, கூப்பிட்டேன். பின்பக்க வழியை எங்கே விடலாம், எவ்வளவு அகலம் விடலாம் என்று கேட்டேன். ஆள் நுழைய வேண்டும், மாடு நுழையக் கூடாது. நான் முளைக்குச்சியும் கயிறும் கொண்டுபோயிருந்தேன். அவர் கிணற்றடிக்குப் போய், தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பழைய வழிக்கு வரவில்லை. நாலு கெஜம் தள்ளி வேறு இடத்தில் நின்றார். அங்கே மேடு இல்லை என்றார். நிறைகுடத்தோடு ஏற்றம் ஏறினால் இடுப்பு விட்டுப்போகும்.

அவர் நின்ற இடத்தின் இரு பக்கமும் முளைக்குச்சி அடித்தேன். நடந்து பார்த்தார். இடுப்புக் குடம் குச்சியில் இடித்துத் தண்ணீர் தளும்பியது.

"இன்னும் நாலு வெரக்கட தள்ளிப் போடுங்க சார். இடுப்புக் கொடத்தோட வர்றவளுக்குப் பக்கத்துல கொயந்தையும் கையப் புடிச்சிக்கினு வரும்."

தள்ளி அடித்தேன். மறுபடியும் நடந்தார். இந்தத் தடவை குடம் இடிக்கவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் கயிற்றைப் பிடித்து அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நேராகத் தெருவுக்குள் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று நடை தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது.